கருவாட்டு உறியும் கரண்டுக் கம்பியும்

எங்கள் வீட்டுப் பூனைக்கு மின்சாரக் கம்பியைக் கடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். அது தானாகக் கற்றுக்கொண்டது என்று பல வருடங்கள் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள், நானும் கூடச் சிரித்தேன். என் பேச்சைக் கேட்டதும் உள்ளே எழுந்து போய்விடுகிற என் மனைவி இப்போது இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. அவள் இருக்கும்போதே எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. நான் மதுரையில் ஒரு ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். முன்னால் ஒரு கூடம், பின்னால் அடுக்களை, நடுவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு முற்றம். வீட்டுக்காரர் புதுமை விரும்பி. சந்துக்குள் முதலில் கரண்டு இழுத்தது அவர்தான். சாயங்காலம் பல்பு எரிந்ததும் என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அது சாமி இல்லை, டங்ஸ்டன் என்று நான் சொல்வேன். சரி, அதுவும் நல்லா இருக்கட்டும் என்பாள்.

ஒரு வெள்ளைக்கார அதிகாரி சீமைக்குத் திரும்பும்போது அவர் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நான் போய் ஒரு மேஜை ஃபேன் எடுத்து வந்தேன். கறுப்பு இரும்பு அடி, பித்தளை இறக்கைகள், கூண்டுக்குள் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. வாசலில் இறங்கும்போதே பெருமை தாங்காமல், "ஃபேன் வாங்கியாச்சு" என்றேன்.

அவளுக்கு அது பேன் என்றுதான் காதில் விழுந்தது.

"ஏங்க, பேன் வாங்கவா அம்புட்டுத் தூரம் போனீக? என் தலையில பாத்திருந்தா ரெண்டு கெடச்சிருக்குமே."

அன்று முதல் எங்கள் வீட்டில் அது பேன்தான். நான் மட்டும் ஃபேன் என்று உதட்டைக் கடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஃபேனின் வயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்து வழவழப்பான வயர் அல்ல. உள்ளே செம்பு, அதற்கு மேல் ரப்பர், அதற்கும் மேல் நெருக்கமாகப் பின்னிய பருத்தி நூல் உறை. பச்சையும் அரக்குமாகச் சேலைக்கரை போல அழகாக இருக்கும். பங்களாவில் எங்கிருந்து எங்கே இழுத்திருந்தார்களோ, ஏகப்பட்ட நீளம். வயர்மேன் வந்து எங்கள் கூடத்துக்கு வேண்டிய அளவுக்கு வெட்டி, பிளக் மாட்டிக் கொடுத்தார். மிச்சத்தை நான் சுருட்டிப் பரணில் வைத்தேன். வாத்தியார்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

பூனை என் மனைவியுடையது. அவள் பிறந்த ஊர் பேரையூர்ப் பக்கம், கரிசல் காடு. கல்யாணம் முடிந்து வரும்போது பாத்திரம் பண்டங்களோடு ஒரு நார்ப்பெட்டியும் வண்டியில் ஏறியது. பெட்டிக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை, மரியாதைக்காக. வீட்டில் வந்து திறந்தால் சாம்பலில் கரிக்கோடு இழுத்தது மாதிரி ஒரு பூனைக்குட்டி. அதற்குப் பெயர் வைக்கவே இல்லை. அவள் என்றும் இவள் என்றும்தான் பேச்சு. காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது சரியாகக் குறுக்கே போகும். சகுனம் சரியில்லையே என்று நான் வேடிக்கையாகச் சொன்னால், "அவ குறுக்க போகல. ஒங்கள வழியனுப்ப வாரா" என்று பதில் வரும்.

எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. பகல் முழுக்க நான் பள்ளிக்கூடத்தில். அந்தச் சந்தில் அவளுக்குப் பழக்கமான முகம் பூனையுடையது ஒன்றுதான். இதை அந்தக் காலத்தில் நான் யோசித்துப் பார்த்ததாக நினைவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை அவளுடைய அண்ணன் வருவார். பருத்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, விலை படிகிற வரை எங்கள் வீட்டில் தங்குவார். எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்ள. நல்ல மனிதர். ஆனால் என் படிப்பைக் கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வரும்போது ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு கொண்டுவருவார். கடலைக் கண்ணால் பார்க்காத ஊரிலிருந்து எதற்குக் கருவாடு என்று கேட்டால், கடலோரத்துக்காரனுக்குக் கருவாட்டு அருமை எங்கே தெரியும் என்பார்.

கருவாடு அடுக்களையில் உறியில் தொங்கும். தேங்காய்நார்க் கயிற்று உறி. எலி அந்தக் கயிற்றைக் கடித்து, ஒரு நாள் கலயம் தரையில் விழுந்து உடைந்தது. எலி கடித்தது, பூனை தின்றது, பழி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பூனை மேல் விழுந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பரணில் சும்மா கிடக்கும் வயரில் உறி கட்டினால் என்ன? உள்ளே செம்பு. எலியின் பாட்டனாலும் அறுக்க முடியாது.

வயரை நாலாக மடக்கி, புதுக் கலயத்துக்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டு, மேலே உத்தரத்து வளையத்தில் மாட்டினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. முடிச்சுக்குக் கீழே தரையைத் தொட்டும் தொடாமலும் மிச்சம் தொங்கியது. அவ்வளவு நல்ல வயரை வெட்ட மனம் வரவில்லை, வால் மாதிரி அப்படியே விட்டுவிட்டேன்.

"கரண்டுக் கயித்துலயா கருவாட்டத் தொங்கவிடுறீக?" என்றாள் என் மனைவி.

"கரண்டு போகாத வயரும் கயிறும் ஒண்ணுதான்" என்று நான் ஒரு சிறிய பாடமே நடத்தினேன். மச்சான் கைகட்டிக் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல படிக்காதவன் கயித்துல கட்டுவான். படிச்சவன் கரண்டுலதான் கட்டுவான் போல" என்றார்.

கருவாட்டை எடுத்து எடுத்து வைக்கிற கை, முடிச்சை இறுக்குகிற கை, எல்லாம் ஒரே கை. கலயத்தின் பக்கத்தில் வழிகிற எண்ணெயும் உப்பும் நூல் உறைக்குள் ஊறிக் கீழே இறங்கின. சில நாளில் அந்த வால் கருவாட்டின் வாலாகவே ஆகிவிட்டது. பூனை அதன் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். எம்பிப் பிடிக்கும். நக்கும். பிறகு கடைவாயில் வைத்து, வெற்றிலை மெல்லுகிற கிழவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு மெல்லும். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் எனக்கு அதுதான் பொழுதுபோக்கு. வாலை நானே பிடித்து ஆட்டுவேன். தரையில் இழுத்துக் காட்டுவேன். பூனை பாய்ந்து கடித்துவிட்டால் சபாஷ் என்பேன். ஒரு பிராணிக்கு ஒரு காரியத்தைப் பழக்குவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தின்பண்டமும் பாராட்டும் சேர்த்துக் கொடுத்தால் பையன்கள்கூடக் கற்றுக்கொள்வார்கள்.

பிறகு ஒரு நாள் ஃபேன் வயரில் பல் தடம் பார்த்தேன். தரையை ஒட்டி, மேஜைக்கால் ஓரத்தில், நூல் உறை பிய்ந்து ரப்பர் தெரிந்தது. என் மனம் முதலில் பதறியது ஃபேனுக்காக. என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "கடிச்சா இவளுக்கு என்ன ஆகும்?" என்றாள்.

"செத்துப்போகும்" என்றேன். சயன்ஸ் வாத்தியார் பதில்.

அவள் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பூனை அப்போது சினையாக வேறு இருந்தது. வயிறு இரண்டு பக்கமும் லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது ஒரு பெரிய ஆராய்ச்சி. பூனைக்கு வேப்பெண்ணெய் ஆகாது என்று யாரோ சொல்ல, வயர் முழுக்கத் தடவினேன். பூனை இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை. நாங்களும் வர முடியவில்லை. தடவும்போது ஃபேன் கூண்டிலும் பட்டுவிட்டதால், சுவிட்சைப் போட்டால் கூடம் முழுக்க வேப்பெண்ணெய்க் காற்று. மச்சான் மத்தியானத் தூக்கத்துக்குப் பெஞ்சில் படுத்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, யாருக்கு அம்மை போட்டிருக்கு?"

"யாருக்கும் இல்லையே மச்சான்."

"எங்க ஊர்ல அம்மை கண்ட வீட்லதான் இம்புட்டு வேப்பங்காத்து அடிக்கும். அதுக்கும் வேப்பிலைதான் விசிறுவாக. எண்ணெய விசிறுற வீட்ட இங்கதான் பாக்கேன்."

அடுத்தது மிளகாய். வற்றலை அரைத்துத் தண்ணீரில் கரைத்துப் பூசினேன். வயர் ஈரமாக இருக்கும்போதே பிளக்கைச் செருகினேன். விரலில் ஒரு உதறல். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. மிளகாய் காய்ந்து பொடியாகிக் காற்றில் பறந்ததும் மூன்று பேரும் தும்மினோம். பூனை தும்மவில்லை, அது அடுக்களையில் உறிக்குக் கீழே வாலை மென்றுகொண்டிருந்தது.

பப்பாளித் தண்டு மச்சானுடைய யோசனை. பப்பாளி இலைக்காம்பு உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்குமே, அதை வெட்டி வெட்டி வயரில் மாலை கோத்தது போல் கோத்துவிட்டார். பிளக்கைக் கழற்றி மறுபடி மாட்டியது நான். அன்றைக்கு ஃபேன் பச்சைக் கரும்பு கட்டிய பொங்கல் பானை மாதிரி நின்றது. வெயிலில் தண்டு சுருங்கிச் சுருங்கி, ஒவ்வொன்றாக உருள ஆரம்பித்தது. உருளுகிறதைப் பார்த்தால் எந்தப் பூனை சும்மா இருக்கும்?

"அவ மேல குத்தமில்ல மாப்ள" என்றார் மச்சான். "ஒயரு மேல சுத்தியிருக்கிறது எங்க ஊர்ப் பருத்தியாத்தான் இருக்கும். ஊர் நெனப்பு வந்து கடிக்கிறா."

வயர்மேனைக் கூப்பிட்டேன். மதுரையில் பாதித் தெருவுக்கு வெளிச்சம் கொடுத்தது தான்தான் என்று சொல்லிக்கொள்கிறவர். கடித்த இடத்தில் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டு, "வாத்தியாரய்யா, ஒயரக் கட்டிப்போடணும், இல்ல பூனையக் கட்டிப்போடணும். ரெண்டும் அவுந்து கெடந்தா நான் என்ன செய்ய?" என்றார். சுவரோடு மரச்சட்டம் அடித்து வயரை மேலே கொண்டுபோகலாம், அதுவரை பகலில் சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சட்டம் வாங்க அந்த ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தேன். எந்த ஞாயிறு என்பது மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இத்தனை காலம் விட்டுவிட்டுச் சொன்ன பகுதி.

ஒரு நாள் மத்தியானம், விடுமுறை நாள், மச்சானும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மச்சான் காலையிலிருந்தே என்னை விடவில்லை. ஒரு பூனையை அடக்கத் தெரியாதவர் நாற்பது பையன்களை எப்படி அடக்குகிறார் என்பது அன்றைய விசாரணை. என் மனைவி ரசத்துக்குக் குனிந்தவள் நிமிர்ந்து சொன்னாள்:

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா? உறியில தொங்குதே அந்த வாலு, அதுவும் பேனு ஒயரும் ஒரே மாதிரிதான இருக்கு. எது கருவாட்டுக் கயிறு, எது கரண்டுக் கயிறுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த உறிய அவுத்துடுங்க."

பிசைந்த சோறு கையில் இருந்தது. அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேப்பெண்ணெய் ஏன் பலிக்கவில்லை, மிளகாய் ஏன் பலிக்கவில்லை, எல்லாம். ஒரு பக்கம் கற்றுக்கொடுத்துக்கொண்டே மறுபக்கம் தண்டித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயோரத்தில் சிரிப்பு தயாராக இருந்தது.

"பூனை என்ன, ஜவுளிக்கடைக்கு வந்த மாதிரி கரை பாத்துக் கடிக்குமா?" என்றேன். "அறிவில்லாத பேச்சு."

மச்சான் நன்றாகச் சிரித்தார். முதல் முறையாக என் பக்கம் நின்று சிரித்தார். எனக்கு அது இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் இரண்டு பேருக்கும் ரசம் ஊற்றினாள்.

இரண்டொரு நாள் கழித்து நான் ஐந்தாம் பார வகுப்பில் லென்ஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வகுப்பு வாசலில் மச்சான் வந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார். நான் வெளியே போனேன்.

"பூனை ஒயரக் கடிச்சிருச்சு மாப்ள. கரண்டு அடிச்சிருச்சு. வாங்க வீட்டுக்கு."

"ஃபேனுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கேலி செய்கிற முகம் இல்லை அது.

"பேன் நல்லா இருக்கு. என் தங்கச்சிதான் ஒக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கல."

வழியெல்லாம் அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். என்ன நடந்தது என்பதை வீட்டில் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முற்றத்தில் உட்கார்ந்து மூங்கில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாளாம். கூடத்தில் தரையைப் பிராண்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் மேஜைக்கடியில் பூனை காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது, வாயில் வயர், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. கடியை விடவும் முடியவில்லை, அதுவாக விழவும் முடியவில்லை. சுளகோடு ஓடிப்போய் ஒரு கையை நீட்டிவிட்டாள். தொடப்போகிற நேரத்தில், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் அளக்கும் பேச்சு நினைவுக்கு வந்திருக்கிறது: காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் கரண்டு பாயாது. கையிலிருந்த சுளகைத் திருப்பி, அதன் விளிம்பால் வயரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பூனை ஒரு பக்கம், வயர் ஒரு பக்கம், அரிசி கூடம் முழுக்க.

நான் போனபோதும் அரிசியை யாரும் கூட்டவில்லை. அவள் அதன் நடுவில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் மூச்சே இல்லாமல் கிடந்து, நெஞ்சைத் தேய்க்கத் தேய்க்க இருமி எழுந்ததாம். வாயின் ஒரு ஓரம் வெந்து வெளுத்திருந்தது. எச்சில் வடிந்தது. நான் கிட்டே போனதும் பூனை என்னைப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை.

ஃபேனை நான் காலையில் நிறுத்திவிட்டுத்தான் போனேன். ஆனால் ஃபேனின் அடியிலிருக்கும் திருகைத் திருப்பி நிறுத்தினேன். இறக்கை நின்றுவிடும், வயரில் கரண்டு இருந்துகொண்டேயிருக்கும். சுவர்ச் சுவிட்சு பீரோவுக்குப் பின்னால் இருந்தது, அதை அணைக்கக் குனிந்து கையை விட வேண்டும். வேட்டி கசங்கிவிடும் என்று நான் குனியவில்லை. அவள் கை இன்னும் ஒரு விரற்கடை நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

பூனையை அதே நார்ப்பெட்டியில் வைத்து, ஜட்கா வண்டி பிடித்து, இரண்டு பேரும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். முன்னால் கொம்பு முறிந்த ஒரு காளை, அதற்குப் பின்னால் வயிறு ஊதிய ஒரு வெள்ளாடு, அதற்குப் பின்னால் நாங்கள். காளைக்காரர் திரும்பி, "பெட்டியில என்ன, கோழியா?" என்று கேட்டார். பூனை என்றதும் நகர்ந்து இடம் விட்டார், பரிதாபம் எங்கள் மேல்தான்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கின் ஓரம் சிறிது கருகிப் போயிருந்தது. காதை நெஞ்சில் வைத்துக் கேட்டார்.

"மூச்சு இளைக்குதான்னு ரெண்டு மூணு நாள் கவனமாப் பாருங்க. ஷாக் அடிச்சா நெஞ்சுல நீர் கோத்துக்கும், உடனே தெரியாது. ஆறின பால் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. வாய்ப்புண் ஆறிடும்."

"குட்டி?" என்றாள் என் மனைவி.

"அது இருக்கா போச்சான்னு இப்பச் சொல்ல முடியாதும்மா."

திரும்பி வரும்போது அவள் பெட்டியின் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதையாவது சொல்லித் திட்டினால் தேவலை போலிருந்தது.

பூனையால் நக்க முடியவில்லை. குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை ஒன்று வாங்கிவர மச்சானும் நானும் புதுமண்டபத்துப் பக்கம் பாத்திரக் கடைக்குப் போனோம். கடைக்காரர் முகமெல்லாம் மலர்ந்து, "பிள்ளை ஆணா பொண்ணா?" என்றார்.

"பொண்ணு" என்றார் மச்சான்.

"யாரு சாடை?"

"மாப்ள சாடைதான். மீசை இருக்கு."

வகுப்பு வாசலில் வந்து நின்றதற்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் கேலி அது. எனக்கு உயிர் வந்தது போலிருந்தது.

மூச்சு இளைக்கவில்லை. பாலாடையில் பால் உள்ளே போவதும் வெந்த ஓரமாக வழிவதுமாக இருந்தது, பிறகு வழிவது குறைந்தது. மச்சானுக்குப் பருத்தி விலை படிந்து, அவர் ஊருக்குக் கிளம்பினார். வண்டி சந்து திரும்பியதும் நான் நேரே அடுக்களைக்குப் போய், முக்காலி போட்டு ஏறி, உறியை அவிழ்த்தேன். செம்பு முடிச்சு லேசில் அவிழவில்லை. கருவாட்டு எண்ணெய் விரலெல்லாம் வழுக்கியது. அவள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீ சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றேன், முக்காலி மேல் நின்றபடியே. இறங்கினால் சொல்ல மாட்டேன் என்று பயம்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"சோத்துல வச்ச கை அப்படியே நின்னுச்சே. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் நீயே அவுத்துப்போடல?"

அவள் கையை நீட்டிக் கலயத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அண்ணே இருக்கப்ப நான் அவுத்தா, ஒங்க பேச்சு பொய்யின்னு ஆகிப்போகும். அண்ணே அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். ஊருக்குப் போகட்டும், அன்னைக்கே அவுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள..." நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஒங்க மேல மட்டும் தப்பில்ல. நானும் ரோசம் பாத்துட்டேன். என் ரோசம் இல்ல, ஒங்க ரோசம்."

திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். என் மதிப்பைக் காப்பாற்ற அவள் தன் பூனையைப் பணயம் வைத்திருக்கிறாள், அதைத் தன் தப்பு என்று வேறு சொல்கிறாள். முக்காலியிலிருந்து நான் என்ன சொல்லி இறங்கினேன் என்பது நினைவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மற்றதெல்லாம் பத்து நிமிஷ வேலை, வெட்கப்படும்படி சுலபம். உறிக்குப் பழையபடி நார்க்கயிறு வந்தது. மரச்சட்டம் அடித்து வயர் ஆள் உயரத்துக்கு மேலே போனது. ஃபேன் மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தொங்குகிற வயரை ஒரு சாணுக்குக் குறைத்தோம். பீரோ இடம் மாறியது. வீட்டை விட்டுக் கிளம்புமுன் பிளக்கைப் பிடுங்கிக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் செருப்பு மாட்டுவேன். பூனைக்குப் பல் தினவெடுத்தால் கடிப்பதற்குப் பனைநாரில் ஒரு பந்து முடிந்து போட்டாள். என் பங்குக்கு நான் எதையும் பூனைக்குக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டேன்.

பூனை தேறியது. வயிறும் குறையாமல் நாளுக்கு நாள் கனத்தது. ஒரு நாள் காலையிலிருந்து ஆளைக் காணோம். மத்தியானம் அடுக்களைப் பரணில், விறகுக்கும் பழைய பானைகளுக்கும் நடுவிலிருந்து, நூல் மாதிரி மெல்லிய சத்தம் வந்தது. என் மனைவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு நின்று கேட்டாள். ஒரு குரல் இல்லை, பல குரல்.

பரண் அனல். கீழே அடுப்புப் புகை வேறு. பூனைக்கே அது பிடிக்கவில்லை போலிருக்கிறது, பொழுது சாயும் முன்பே குட்டிகளைக் கீழே கொண்டுவர ஆரம்பித்தது. முதல் குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு பரண் விளிம்புக்கு வந்து நின்றது. வாயின் வெந்த ஓரம் ஆறி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பல் சரியாகப் பிடிக்கவில்லை. குட்டி நழுவி விளிம்பிலேயே விழுந்தது. மறுபடி கவ்வியது, மறுபடி நழுவியது. மூன்றாவது தடவை அது குட்டியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக் கத்தியது.

நான் பக்கத்து வீட்டிலிருந்து ஏணி கொண்டுவந்து சாத்தினேன். நானே ஏறுகிறேன் என்றேன்.

"ஒங்கள விடமாட்டா" என்றாள்.

சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகி, மடியைப் பைபோல் கட்டிக்கொண்டு அவள் ஏறினாள். பூனை அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தது. விறகுக்கட்டைகளை ஒதுக்குகிற சத்தம் கேட்டது. தலைக்கு மேல் எனக்குத் தெரிந்தது அவள் பாதங்கள் இரண்டும்தான்.

"பிடிச்சிருக்கீகளா?"

"பிடிச்சிருக்கேன்."

"இன்னும் ஒண்ணு உள்ளுக்குள்ள கெடக்கு. எட்டணும். நல்லாப் பிடிச்சுக்கிடுங்க."

ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் எட்டினாள்.